ஒத்தைக்கல்மந்தும் லாக்கர் ஓடையும்

1897 மார்ச் மாதம் அலெக்சாந்தர் யெர்சன் பம்பாயில் வந்து இறங்கியபோது நகரம் பாதி காலியாகக் கிடந்தது. முந்தின செப்டம்பரில், துறைமுகத்தை ஒட்டிய மாண்ட்வியில், டாக்டர் அகாசியோ வியேகாஸ் ப்ளேக்கை அடையாளம் கண்டார். அதற்குப் பிறகு லட்சக்கணக்கானோர் மூட்டையைக் கட்டிக்கொண்டு சொந்த ஊர்களுக்கு ஓடினார்கள். அந்த நோயின் கிருமியை மூன்று ஆண்டுகளுக்கு முன் ஹாங்காங்கில் கண்டுபிடித்தவரே இந்த யெர்சன். இன்று அந்தக் கிருமிக்கு அவர் பெயர்தான். ஆனால் அவர் கொண்டுவந்த மருந்து இங்கே எடுபடவில்லை. பம்பாயில் நின்றது ஹாஃப்கின் என்ற ஆய்வாளரின் தடுப்பூசி. பரேலில் இருக்கும் நிறுவனமும் ஹாஃப்கின் பெயரையே தாங்கி நிற்கிறது. யெர்சனுக்குப் பதிலாக வந்த பால் லூயி சிமோந்த் அடுத்த ஆண்டு கராச்சியில், எலியின் மேலிருக்கும் தெள்ளுப்பூச்சிதான் நோயைப் பரப்புகிறது என்று காட்டினார்.

மாட்டுங்காவில் வளர்ந்த எனக்கு இந்தக் கதையில் தனி அக்கறை உண்டு. ப்ளேக் வந்ததால்தான் 1898இல் பம்பாய் நகர மேம்பாட்டு அறக்கட்டளை பிறந்தது. நெரிசலில் நோய் பிறக்கிறது, காற்றோட்டமான தெருக்கள் வேண்டும் என்று அந்த அறக்கட்டளை போட்ட திட்டங்களில் தாதர், மாட்டுங்கா, சயான் வந்தன. அகலச் சாலையும் தோட்டமும் வீட்டுக்கு வீடு இடைவெளியுமாக எழுந்த அந்தப் புறநகரில்தான், கும்பகோணத்திலிருந்தும் பாலக்காட்டிலிருந்தும் குமாஸ்தா வேலைக்கு வந்தவர்கள் ஒண்டிக்கொண்டார்கள். பஜனை மடமும் பூக்கடையும் காப்பிக்கடையும் பின்னாலேயே வந்தன. ஆக, நாங்கள் ப்ளேக் பெற்ற பிள்ளைகள்.

இதே பயம் பெற்ற இன்னொரு ஊர் வியட்நாமில் இருக்கிறது. பம்பாய்க்கு வருவதற்கு நான்கு ஆண்டுகள் முன், 1893 ஜூனில், யெர்சன் காட்டு வழியே ஏறி லாங் பியாங் பீடபூமியை அடைந்தார். 1897இல் பிரெஞ்சு இந்தோசீனாவின் தலைமை ஆளுநர் பால் தூமே, வெள்ளைக்காரர் உடம்பைத் தேற்றிக்கொள்ளக் குளிர்ச்சியான ஓர் இடம் கேட்டபோது யெர்சன் கைகாட்டியது அந்தப் பீடபூமியைத்தான். சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் தா லாத் நகரம் எழுந்தது. இன்று அது லாம் தோங் மாகாணத்தின் தலைநகர்ப் பகுதி. 2025 ஜூலையில் அந்த மாகாணத்தோடு தாக் நோங், பின் துவான் இரண்டையும் இணைத்துவிட்டார்கள். மலைநாட்டு மாகாணத்துக்குக் கடற்கரையும் கிடைத்தது.

லாங் பியாங்கைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். இரண்டு பக்கம் எழுதியதுமே, இந்தக் கதையை வேறெங்கோ படித்திருக்கிறோமே என்று தோன்றியது. அது நம் நீலகிரி. வியட்நாமில் நடந்ததெல்லாம் எண்பது ஆண்டுகள் முன்பே அங்கே நடந்து முடிந்திருந்தது.

1818இல் கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் இரண்டு உதவியாளர்களை மலைமேல் அனுப்பினார். 1819 ஜனவரியில் அவரே ஏறினார். கோத்தகிரி பக்கம் திம்பட்டியில் முதல் பங்களா. அப்புறம் அந்த மலையில் வாழ்ந்த தோடர்களிடம் ஏக்கர் ஒரு ரூபாய் விலையில் நிலம் வாங்கி, 1820களின் தொடக்கத்தில் ஊட்டியில் கல் வீடு கட்டினார். உள்ளூரார் அதைக் கல் பங்களா என்றார்கள். சல்லிவனை நில அபகரிப்பாளர் என்று ஒரே வரியில் முடித்துவிட முடியாது. அந்த மலைநிலம் தோடர்களுடையது, அவர்களுக்கு உரிமை உண்டு என்று கம்பெனி அரசோடு எழுத்தில் மல்லுக்கட்டியவரும் அவரே. மனைவியையும் மகளையும் 1838இல் அந்த மண்ணிலேயே புதைத்தார். ஆனாலும் ஏக்கர் ஒரு ரூபாய் என்பதை மறக்க வேண்டியதில்லை.

ஊர்ப் பெயர்களைப் பாருங்கள். தா லாத் என்றால் லாக் மக்களின் ஓடை. 'தா' என்பது அவர்கள் மொழியில் தண்ணீர். ஊட்டிக்கு ஒத்தைக்கல்மந்து, அதாவது ஒற்றைக் கல் நின்ற தோடர் குடியிருப்பு என்பதே பரவலாகச் சொல்லப்படும் விளக்கம். வந்தவர்கள் ஊரை எடுத்துக்கொண்டு பெயரை மட்டும் விட்டுவைத்தார்கள். ஊட்டி தாவரவியல் பூங்காவுக்கு மேலே இன்றும் ஒரு மந்து இருக்கிறது. பூங்காவுக்கு வருபவர்களில் சிலர் மூச்சு வாங்க ஏறி, வளைந்த கூரை வீட்டுக்கு முன் படம் எடுத்துக்கொண்டு இறங்குகிறார்கள்.

அந்த வீட்டைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். பீப்பாயை நீளவாக்கில் பாதியாக அறுத்துத் தரையில் கவிழ்த்தது போன்ற உருவம். மூங்கிலை வளைத்து, பிரம்பால் கட்டி, மேலே புல் வேய்ந்திருப்பார்கள். முன்னும் பின்னும் கல் அல்லது பலகைச் சுவர். வாசல் மூன்றடி உயரம்கூட இருக்காது. தவழ்ந்துதான் உள்ளே போக வேண்டும். குளிர்காற்றுக்கும் காட்டு விலங்குக்கும் அந்த வாசல் பதில் சொல்கிறது. பால்மனையும் ஏறக்குறைய இதே வடிவம்தான், ஆனால் அது கோயில். எருமைப்பாலைக் கறப்பதும் உறைய வைப்பதும் கடைவதும் அங்கே பூசாரியின் வேலை. எருமைக்கு உப்பு கொடுப்பதற்குக்கூடச் சடங்கு உண்டு. ஒவ்வொரு எருமைக்கும் பெயர் உண்டு. நாம் கன்றுக்குட்டிக்கு லட்சுமி என்று பெயர் வைத்துவிட்டு மறந்துபோகிற மாதிரி அல்ல, வம்சாவளியோடு நினைவில் வைத்திருப்பார்கள்.

1901இல் டபிள்யூ.எச்.ஆர். ரிவர்ஸ் இங்கே வந்தபோது தோடர்கள் சுமார் 800 பேர்தான். சில மாதங்களில் அவர்கள் அத்தனை பேரின் பரம்பரையையும் அட்டவணையாக்கி, 1906இல் பெரிய நூலாக வெளியிட்டார். மானிடவியலில் வம்சாவளி முறை வேரூன்றிய இடங்களில் இது ஒன்று. அந்தப் புத்தகத்தில் எனக்குப் பிடித்தது பால்மனைச் சடங்குகளைப் பற்றிய நீண்ட, சலிப்பூட்டுகிற அத்தியாயங்கள். ஊருக்குப் பிடித்தது ஒருத்திக்குப் பல கணவர் என்ற சங்கதி.

மொழியைப் பற்றித் தமிழ் வாசகர் கொஞ்சம் கூச்சப்பட வேண்டியிருக்கிறது. தோடாவும் கோத்தாவும் தமிழின் மிக நெருங்கிய உறவுகள். எழுத்தில்லாமலே நெடுங்காலம் தனி வழி போய்விட்டவை. தோடாவில் உள்ள உரசொலிகளும் உருட்டொலிகளும் திராவிட மொழிகளில் வேறெங்கும் இந்த அளவுக்குக் கிடையாது. திருநெல்வேலிச் சீமையில் இடையன்குடியில் இருந்த கால்டுவெல், 1856இல் தம் ஒப்பிலக்கணத்தில் திராவிட மொழிகளைத் திருந்தியவை, திருந்தாதவை என்று பிரித்தார். தமிழ் முதல் வரிசையில் நின்றது. தோடாவும் கோத்தாவும் இரண்டாம் வரிசைக்குப் போயின. நாம் அந்த நூலைக் கொண்டாடியபோது இரண்டாம் பட்டியலைத் திரும்பிப் பார்க்கவில்லை. 1930களில் மொழியியலாளர் எமனோ வந்து தோடர் பாட்டுகளை எழுதியெடுத்தார். அவை சட்டென்று தோன்றும் நாட்டுப்பாட்டு அல்ல. ஒவ்வொரு வரிக்கும் இணை வரி, அளந்து வைத்த சொற்கோவை, யாப்பு மாதிரி ஒரு கட்டு. அந்தத் 'திருந்தாத' மொழியில்தான் அத்தனையும் இருந்தது.

தோடர் மட்டும் மலை அல்ல. வெள்ளைக்காரர் வருவதற்கு முன் அந்தப் பீடபூமியில் காசு புழங்காத ஒரு பொருளாதாரம் ஓடிக்கொண்டிருந்தது. தோடர் நெய் கொடுத்தார்கள். படுகர் ராகியும் சாமையும் விளைத்துக் கொடுத்தார்கள். கோத்தர்கள் கோடாலி, அரிவாள், பானை, மரவேலை, அவற்றோடு இசை கொடுத்தார்கள். குறும்பர்கள் காட்டிலிருந்து தேனும் கூடையும், படுகர் விதைப்புக்குக் காப்புச் சடங்கும் கொண்டுவந்தார்கள். கோத்தருக்கு ஏழு ஊர்கள், எல்லாம் கோக்கால்கள். ஒரு கறுப்புப் பசு நடந்து காட்டிய இடங்களில் அவை அமைந்தன என்பது அவர்கள் வழக்கு. ரிச்சர்ட் வுல்ஃப் கோத்தர் இசையைப் பற்றி எழுதிய நூலின் தலைப்பே அந்தப் பசுவின் குளம்படிதான். ஆண்கள் இரும்படித்தார்கள், பெண்கள் பானை வனைந்தார்கள். தோடர் வீட்டுச் சாவும் படுகர் வீட்டுச் சாவும் கோத்தரின் குழலும் பறையும் இல்லாமல் நடக்காது.

இதை ஒரு பொற்காலமாகக் காட்ட எனக்கு விருப்பமில்லை. மேல் கீழ் அதில் தெளிவாக இருந்தது. செத்த எருமையின் இறைச்சியைக் கோத்தர் வாங்கிக்கொள்வதால் மற்றவர்கள் அவர்களைத் தாழ்வாகவே பார்த்தார்கள். குறும்பரின் மந்திரத்துக்கு எல்லோருக்கும் பயம். அந்தப் பயம் முற்றிய இடங்களில், 19ஆம் நூற்றாண்டில் குறும்பக் குடும்பங்களை ஊர் கூடிக் கொன்ற வழக்குகள் பதிவாகியிருக்கின்றன. ஆனாலும் ஒருவர் இல்லாமல் மற்றவர் இல்லை என்ற நிலை இருந்தது. சந்தையும் சம்பளமும் வந்ததும் அந்தத் தேவை போய்விட்டது. பித்தளைக் குடம் வந்தபோது மண்பானைக்கு ஆள் குறைந்தது. பள்ளிக்கூடம் போன படுகர்களில் ஒரு சாரார், சாவுக்குக் கோத்தர் மேளம் எதற்கு என்று 1930களை ஒட்டிக் கேட்கத் தொடங்கினார்கள். அதன் பேரில் ஊருக்குள்ளேயே கட்சி கட்டிக்கொண்டார்கள். 1937இல் கோத்தரிடையே இருந்து ஆராய்ந்த டேவிட் மாண்டல்பாம் இந்த முறிவை நேரில் பார்த்து எழுதியிருக்கிறார். 1920களில் ஒரு காய்ச்சல் கோத்தரில் நிறையப் பேரைக் கொண்டுபோயிற்று. அதற்குப் பிறகு ரங்கசாமி முதலான புதுத் தெய்வங்கள் ஊருக்குள் வந்தன. நோய் ஊரைப் புதிதாக்கும் என்பது மாட்டுங்காவுக்கு மட்டும் பொருந்துகிற கதை இல்லை போலும்.

நோய் என்றதும் சின்கோனா. மலைக்காய்ச்சலுக்கு மருந்தான கொய்னாவின் மரம். 1860களின் தொடக்கத்தில் கிளெமென்ட்ஸ் மார்க்கம் ஏற்பாட்டில் தென்னமெரிக்காவிலிருந்து வந்த கன்றுகளை, ஊட்டித் தோட்டத்தின் வில்லியம் மெக்ஐவர் தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் வளர்த்தெடுத்தார். வேலைக்கு ஆள் போதாமல், மலாயாப் பக்கத்திலிருந்து சென்னைச் சிறைகளுக்கு அனுப்பப்பட்டிருந்த சீனக் கைதிகளை மலையேற்றினார்கள். தண்டனை முடிந்த சிலர் தமிழ்ப் பெண்களைக் கட்டிக்கொண்டு அங்கேயே தங்கிவிட்டார்கள். பிற்காலத்தில் யெர்சனும் தம் பங்குக்கு வியட்நாம் மலைகளில் சின்கோனா நட்டார். 1907இல் குன்னூரில் பாஸ்டர் நிறுவனம் வந்தது. யெர்சன் ஞா திராங்கில் நடத்தியதும் பாஸ்டர் நிறுவனமே. இரண்டு மலைகளுக்கும் பற்சக்கர ரயில் போனது. நீலகிரியில் ஓடும் பழைய நீராவி எஞ்சின்களையும் தா லாத் ஏறிய எஞ்சின்கள் பலவற்றையும் செய்தது சுவிட்சர்லாந்தின் வின்டர்தூரில் இருந்த ஒரே ஆலைதான். தா லாத் பாதை போரில் நின்றுபோக, மிஞ்சிய எஞ்சின்களை 1990இல் சுவிட்சர்லாந்துக்காரர்களே வாங்கிப்போனார்கள். நம்முடையது இன்னும் மேட்டுப்பாளையத்திலிருந்து மூச்சிரைத்து ஏறுகிறது.

2005 ஜூலையில் யுனெஸ்கோ நீலகிரி ரயிலை உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது. அதே ஆண்டு நவம்பரில் வியட்நாமின் மத்திய மலைநாட்டு மக்களின் சேகண்டிக் கலாச்சாரத்தை மானுடத்தின் அரும்பாரம்பரியமாக அறிவித்தது. அங்கே மலைக்காரர் வாசிப்பதற்குப் பெருமை, இங்கே மலைக்கு வந்தவர் போட்ட தண்டவாளத்துக்கு. அதற்காக வியட்நாமுக்கு நல்ல மதிப்பெண் போட்டுவிட வேண்டாம். பிரெஞ்சுக்காரர் காலத்தில் மலைமக்களுக்கு 'மொய்' என்று பெயர். காட்டுமிராண்டி என்று பொருள். 1975க்குப் பின் சமவெளியிலிருந்து பெரும்பான்மை இனமான கிங் மக்களை அரசே லட்சக்கணக்கில் ஏற்றிவிட்டது. காடு காப்பித் தோட்டமானது. உலகில் பிரேசிலுக்கு அடுத்தபடி காப்பி விளைவிக்கும் நாடாக வியட்நாம் ஆனது அந்த மண்ணில்தான். எதே, கொஹோ, மா, சுரு மக்கள் சொந்த மலையில் சிறுபான்மை ஆனார்கள். 1979இல் அரசு நாட்டின் இனங்கள் 54 என்று கணக்கை முடித்தது. அந்தக் கணக்கில் ஓடைக்குப் பெயர் தந்த லாக் மக்களுக்குத் தனி வரி கிடையாது. ஸ்ரே, சில் என்ற குழுக்களோடு சேர்த்து அவர்கள் கொஹோ என்ற தலைப்புக்குள் போனார்கள்.

பட்டியல் என்பது மலையில் சோறு போடுகிற சொல், சோற்றைப் பிடுங்குகிற சொல்லும்கூட. தமிழ்நாட்டில் 'குறிப்பாக நலிவடைந்த பழங்குடிகள்' என்று அரசு வைத்திருக்கும் ஆறு பெயர்களும் நீலகிரியில் இருக்கின்றன: தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர். 2011 கணக்கெடுப்பில் மாவட்டத்தின் மக்கள்தொகை 7,35,394. அதில் பழங்குடியினர் 32,813, நூற்றுக்கு ஐந்துகூட இல்லை. இன்னொரு விஷயம், 2001இல் இருந்த 7,62,141 என்ற எண்ணிக்கை பத்தாண்டில் குறைந்திருக்கிறது. ஆட்கள் மலையிறங்கிக்கொண்டிருக்கிறார்கள்.

ஏன் என்று கேட்டால் பச்சைத்தேயிலையின் விலையிலிருந்து தொடங்க வேண்டும். படுகர்கள் 'வடகர்', மைசூர்ச் சீமையிலிருந்து பல நூற்றாண்டு முன் ஏறியவர்கள். ஹட்டி என்கிற ஊர்களில் வரிசை வரிசையாக ஒட்டிய வீடுகளில் வாழ்பவர்கள். மார்கழியில் ஹெத்தையம்மன் பண்டிகைக்கு வெள்ளை உடுத்தி ஆயிரக்கணக்கில் திரள்பவர்கள். ராகியை விட்டு உருளைக்கிழங்குக்குப் போனார்கள், உருளையை விட்டுத் தேயிலைக்கு. 1962இல் குந்தாவில் முதல் கூட்டுறவுத் தேயிலை ஆலை வந்தது. பிறகு மலை முழுக்கப் பரவியது. ஒரு ஏக்கர், இரண்டு ஏக்கர் வைத்திருந்தவர்கூட வீட்டை மாடியாக்கினார்கள், பிள்ளைகளைப் பொறியியல் படிக்க வைத்தார்கள். 1990களின் கடைசியில் விலை விழுந்தது. சரியான எழுச்சி பிறகு வரவில்லை. தேயிலைச் செடியைப் பிடுங்கிக் காரட் போடுகிற அளவுக்கு எல்லோருக்கும் தண்ணீர் இல்லை. கோயம்புத்தூர், திருப்பூர், பெங்களூர் என்று பிள்ளைகள் இறங்கினார்கள். படுகர்களைப் பழங்குடிப் பட்டியலில் மீண்டும் சேர்க்க வேண்டும் என்ற கோரிக்கை பல பத்தாண்டுகளாக நிற்கிறது. 1931 கணக்கெடுப்பில் இருந்தோமே என்பது அவர்கள் வாதம். எங்கள் பங்கு சுருங்குமே என்பது சிறு பழங்குடிகளின் அச்சம். இருவர் பேச்சிலும் நியாயம் இருக்கிறது. பட்டியல் என்ற கருவிக்கு இரண்டு நியாயத்தைப் பிடிக்கத் தெரியாது.

கூடலூர்ப் பக்கம் கதை இன்னும் சிக்கல். தாழ்வான அந்தக் காட்டைக் காய்ச்சல் காத்து வந்தது. மலேரியா ஒழிந்ததும் கேரளத்திலிருந்து குடியேறிகள் வந்தார்கள். பணியர்கள் பெயரிலேயே வேலைக்காரர்கள், தலைமுறைகளாகப் பண்ணையடிமைகளாக இருந்தவர்கள். இப்போது வந்தவர்களிடம் கூலிக்கு நின்றார்கள். நிலம்பூர்க் கோவிலகம் என்ற அரச குடும்பத்தின் ஜன்மி எனப்படும் பரம்பரை நில உரிமையை 1969 சட்டம் ஒழித்தது. ஆனால் அதன் 17ஆம் பிரிவில் சிக்கிய ஆயிரக்கணக்கான ஏக்கர் யாருடையது என்ற கேள்வி இன்னும் நீதிமன்றத்திலும் அலுவலகத்திலும் சுற்றுகிறது. அந்தக் கோவிலகத்தைச் சேர்ந்த கோதவர்மன் திருமுல்பாடு, கூடலூர் மரவெட்டை நிறுத்தக் கோரி 1995இல் உச்ச நீதிமன்றம் போனார். 1996 டிசம்பரில் வந்த உத்தரவு, காடு என்றால் அகராதியில் என்ன பொருளோ அதுதான் காடு என்றது. கூடலூரில் தொடங்கிய வழக்கு இந்தியா முழுவதற்கும் காடு எது என்று வரையறுத்தது.

அதே கூடலூரிலும் பந்தலூரிலும் கோத்தகிரியிலும் இன்னொரு மலைமக்கள் இருக்கிறார்கள், ஒப்பந்தம் உண்டாக்கிய மலைமக்கள். 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைத் தோட்டத் தமிழரைப் பங்கு பிரித்தார்கள்: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, 1,50,000 பேரை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். வந்து இறங்கியவர்களுக்குத் தெரிந்த தொழில் கொழுந்து பறிப்பது. அவர்களுக்காகவே 1968இல் வனத்துறைத் திட்டமாகத் தொடங்கியது பின்னால் டான்டீ என்ற அரசுத் தேயிலைத் தோட்டக் கழகம் ஆனது. நுவரெலியாவின் லைன் வீட்டிலிருந்து பந்தலூரின் லைன் வீட்டுக்கு. ஊர்க்காரர் அவர்களைச் 'சிலோன்காரங்க' என்றார்கள், இன்றும் சொல்கிறார்கள்.

தாராவியில் வளர்ந்த நண்பர் ஒருவருக்கு இதைச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் தாத்தா திருநெல்வேலியிலிருந்து தோல் பதனிடும் வேலைக்கு வந்தவர். வன உரிமைச் சட்டத்தின் தேதிகளைச் சொன்னபோது அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி பழங்குடியினர் 2005 டிசம்பர் 13க்கு முன்பிருந்தே அந்தக் காட்டு நிலத்தில் இருப்பதைக் காட்ட வேண்டும். பட்டியலில் இல்லாத மற்றவர்கள் அதற்கும் முன் 75 ஆண்டுகள், மூன்று தலைமுறை இருந்ததைக் காட்ட வேண்டும். 1960களில் கப்பலேறி வந்தவருக்கு மூன்று தலைமுறை ஏது? நண்பர் தம் கதையைச் சொன்னார். தாராவி மறுமேம்பாட்டில் தேதி 2000 ஜனவரி 1. அதற்கு முன் குடியிருந்த சான்று இருந்தால் அங்கேயே வீடு, இல்லாவிட்டால் வேறெங்கோ. பழைய மின்கட்டண ரசீதும் வாக்காளர் பட்டியலின் நகலும் பிளாஸ்டிக் உறையில் போட்டு, அரிசி டிரம்முக்கு அடியில் அம்மா வைத்திருக்கிறாராம்.

2022இல் டான்டீயின் தோட்டங்களில் ஒரு பகுதியை வனத்துறையிடமே திருப்பிக் கொடுக்கத் தமிழ்நாடு அரசு ஆணையிட்டது. நட்டம், ஆள் பற்றாக்குறை என்று காரணம் சொன்னார்கள். காட்டைத் திருத்தித்தான் தோட்டம் போட்டோம், மறுபடி காடாகட்டும் என்பது கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. யானைக்கு நல்லது. ஆனால் லைன் வீடு தோட்டத்தோடு சேர்ந்தது. வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர் வீட்டைக் காலி செய்ய வேண்டும், பணிக்கொடை கைக்கு வந்தால்தான் காலி செய்வோம் என்பது அங்கே பழைய தகராறு. இப்போது தோட்டமே காடு என்று எழுதப்பட்டால் அந்த வீடு எந்தக் கணக்கில் வரும் என்று பந்தலூரில் கேட்கிறார்கள். அப்படி ஒரு வீட்டில் பாட்டி கண்டியில் பிறந்தவர், அம்மா லைன் வீட்டில் பிறந்தவர், பேரன் கோயம்புத்தூரில் டெலிவரி வேலையில். குடும்ப அட்டையில் முகவரி இன்னும் தோட்டத்தின் பெயர்தான்.